செயலாளரின் ஆண்டறிக்கை: 5இ3 ஆம்ப் வேலை

மதிப்பிற்குரிய தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் நம் சங்கம் இவ்வாண்டு கட்டியது ஃபெண்டர் டீலக்ஸ் 5இ3 என்னும் வால்வு ஆம்ப், அதாவது கித்தார் ஓசையைப் பெருக்கும் கருவி. ராக் இசைக்கலைஞர் நீல் யங்கின் ஓசைதான் வேண்டும் என்று போன பொதுக்கூட்டத்தில் பெரும்பாலோர் கைதூக்கினார்கள். புதியவர்களுக்கு வழக்கம்போல ஒற்றை 6வி6 வால்வு உள்ள சிறிய ஆம்ப், சேம்ப் 5எஃப்1.

5இ3-இல் உருப்படி குறைவு. வால்வுகள்: முன்னால் ஒரு 12ஏஒய்7, அடுத்து ஒரு 12ஏஎக்ஸ்7, இரண்டு 6வி6, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் 5ஒய்3. இரண்டு 6வி6-க்கும் பொதுவாக, கேத்தோடு என்ற முனையில் ஒரே 250 ஓம் ரெசிஸ்டர். இவ்வளவுதான். ஆனாலும் ஓசை சரியில்லை என்றதும் எல்லாரும் கெப்பாசிட்டரை மாற்றக் கிளம்பினார்கள். அதற்குப் போன ரிங்கிட்டைப் பொருளாளரின் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோளாறு டிரான்ஸ்ஃபார்மரில் இருந்தது. வாங்கியவற்றின் பிரைமரி, அதாவது மின்சாரம் நுழையும் சுற்று, 220 வோல்ட்டுக்கானது. நம் நாட்டு மின்சாரம் பெயரளவில் 230. 10 விழுக்காடு ஏறலாம், 6 விழுக்காடு இறங்கலாம். பட்டறையில் மீட்டர் 240-ஐ ஒட்டியே நின்றது. 220-ஐவிட 9 விழுக்காடு கூடுதல் என்றால் வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டர் 6.9-ஐத் தொடுகிறது, வால்வு தாங்கும் எல்லையே அதுதான். வால்வின் பிளேட் என்ற முனையில் 350 இருக்க வேண்டிய வோல்ட் 380 ஆகிறது. ஆம்ப் இளகாமல் விறைப்பாக ஒலிக்கிறது, 6வி6 உள்ளே சிவக்கிறது. 5ஒய்3-க்குப் பதில் ஜிஇசட்34 என்ற ரெக்டிஃபையரைச் செருகியவர்களுக்கு இன்னும் மோசம். அதில் வோல்ட் இழப்பு குறைவு.

240 வோல்ட்டுக்கான இணைப்பு (டேப்) உள்ள டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவதே நல்லது. ஏற்கெனவே வாங்கியவர்கள் 20 வோல்ட், 1 ஆம்பியர் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் செகண்டரியை (வெளிவரும் சுற்றை) மின்சாரத்துக்கு எதிர்த்திசையில் தொடராக இணைத்தால் 220 கிடைக்கும். திசை மாறினால் 260 வரும். ஆம்ப்பை மாட்டுமுன் மீட்டர் வையுங்கள். பிறகு கேத்தோடை அளக்கவும்: 250 ஓமில் 20 வோல்ட் என்றால் 80 மில்லியாம்பியர், வால்வுக்கு 40. வால்வின் ஸ்க்ரீன் முனைக்குப் போகும் பங்கைக் கழித்து, பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையிலுள்ள வோல்ட்டால் பெருக்கினால் 14 வாட்டைத் தாண்டக் கூடாது.

இது சரியான பிறகுதான் ஓசையைத் தேட வேண்டும். 5இ3-இன் இரண்டு வால்யூம்களும் ஒன்றையொன்று இழுக்கும். கித்தார் செருகாத சேனலின் குமிழைத் திருப்பினாலும் ஓசை மாறும். நீல் யங் மேடையில் வைத்திருக்கும் விஸ்ஸர் என்ற கருவி, காலால் மிதித்ததும் மோட்டார் கொண்டு அந்தக் குமிழ்களையே திருப்புகிறது. அதையே கையால் திருப்ப நமக்கு ஒரு சென்னும் செலவில்லை.

5எஃப்1 கட்டியவர்களில் சிலருக்கு ஆன் செய்ததும் ஆம்ப் ஊளையிட்டது. ஃபீட்பேக், அதாவது வெளிவரும் ஓசையில் ஒரு பங்கை உள்ளே திருப்பி அனுப்பும் இணைப்பு, தலைகீழாகிவிட்டது, அவ்வளவே. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி வயர் இரண்டையும் இடம் மாற்றினால் அடங்கும். 5இ3-இல் ஃபீட்பேக் வயரே கிடையாது, அங்கே இதைத் தேடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரின் ஹீட்டர் சுற்றில் நடு டேப் இல்லாமல் இரைந்தால், இரு முனையிலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்றை எர்த்துக்கு இணைக்கவும். இரைச்சலைக் குறைக்கப் பிளக்கின் எர்த்தைக் கழற்றுபவருக்குப் பட்டறையில் இடமில்லை.

உதிரிகளைப் பொருத்தும் பழைய பாணி ஃபைபர் அட்டை நம் ஊர் ஈரத்தைக் குடித்துக் கரண்ட் கசிய விடுகிறது. இனி எபோக்சி போர்டு மட்டுமே. பெட்டிக்கு ரப்பர் மரப் பலகை போதும், பைனைவிட கனம்தான். மருந்தடிக்காத பலகையில் பூச்சி வைக்கும் என்பதைத் தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆஃப் செய்தபின் தேங்கி நிற்கும் மின்சாரத்தை வடிக்க, ஃபில்டர் கெப்பாசிட்டரின் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் கட்டாயம். ஆஃப் செய்து ஒரு நிமிடம் பொறுத்து, மீட்டரில் பார்த்தபின்தான் கை வைக்க வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டக் கூடாது.

முதல் ஆன் எப்போதும் பல்புப் பெட்டி (மின்சாரத்துக்குத் தொடராகப் பல்பு இணைத்த பெட்டி) வழியாகவே, வால்வுகளைக் கழற்றிவிட்டு. 60 வாட் இழை பல்பு ஒருமுறை மின்னி மங்க வேண்டும். பிரகாசமாகவே நின்றால் ஷார்ட். எல்இடி பல்பு இதற்கு உதவாது. இழை பல்பு கடைகளில் அரிதாகிவிட்டது, சங்கத்திடம் இருப்பது ஒன்றே ஒன்று. பெட்டியோடு அதை எடுத்துப்போன உறுப்பினர் இன்று கூட்டம் முடிவதற்குள் திருப்பித் தரவும்.