குவின்ஸியிலிருந்து அப்பாவுக்கு

குவின்ஸி, மாசசூசெட்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் பாகப்பிரிவினைப் பத்திர நகலும் வந்து சேர்ந்தன. இங்கே சௌக்கியம். குளிர் எலும்பில் இறங்குகிறது. அம்மாவின் பருப்புப்பொடியில்தான் ராத்திரிச் சாப்பாடு நடக்கிறது. இந்த மாதம் பணம் 15ஆம் தேதிக்கு மேல்தான் வரும். சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை.

அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸின் வக்கீல் தொழிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் 1735இல் பிறந்த வீடு இந்த ஊரில்தான், ஃபிராங்க்ளின் தெருவில் இருக்கிறது. தகப்பனார் விவசாயி, செருப்பும் தைப்பார். மகன் ஹார்வர்டில் படித்து, வூஸ்டரில் வாத்தியார் வேலை பார்த்தபடியே ஜேம்ஸ் புட்னம் என்ற வக்கீலிடம் இரண்டு வருஷம் தொழில் கற்றார்.

1758இல் எடுத்த முதல் கேஸைக் கேளுங்கள். லாம்பர்ட் என்பவரின் குதிரைகள் ஃபீல்டு என்பவரின் நிலத்தில் புகுந்துவிட்டன. ஃபீல்டு அவற்றைப் பிடித்தார். லாம்பர்ட் நஷ்டஈடு கட்டாமலே மீட்டுக்கொண்டு போய்விட்டார். ஃபீல்டுக்காக ரிட் (எதிரியைக் கோர்ட்டுக்கு வரவழைக்கும் ஆணை) எழுதிய ஆடம்ஸ், கான்ஸ்டபிளுக்கு உத்தரவிடும் வரியில் கவுண்டியை, அதாவது நம் ஜில்லா மாதிரியானதைக் குறிக்கும் சொல்லை விட்டுவிட்டார். அந்தக் குறைக்காகவே ரிட் தள்ளுபடியானது. எதிர்தரப்பு வக்கீல் முதலில் தலைப்பைத்தான் படிப்பான் என்று நீங்கள் ஜூனியர்களிடம் சொல்வீர்களே!

அதே மனிதர்தான் 1770இல் பாஸ்டனில் கூட்டத்தின் மேல் சுட்டு ஐந்து பேர் சாகக் காரணமான பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வாதாடினார். அவர்களின் தலைவரான கேப்டன் பிரெஸ்டனுக்குத் தனி விசாரணை, எட்டுச் சிப்பாய்களுக்குத் தனி விசாரணை. சுடச் சொல்லவில்லை என்பது கேப்டன் கட்சி. உத்தரவுப்படி சுட்டோம் என்பது சிப்பாய்கள் கட்சி. ஒன்றாக விசாரித்திருந்தால் ஒன்றையொன்று வெட்டியிருக்கும். சிப்பாய்கள் வழக்கின் ஜூரியில் பாஸ்டன்காரர் ஒருவர்கூட இல்லை. கேப்டனும் ஆறு சிப்பாய்களும் விடுதலை. மற்ற இருவருக்குத் தண்டனையாகக் கட்டை விரலில் சூடு. அரசுத் தரப்பில் சாமுவேல் குவின்ஸி, ஆடம்ஸுடன் சாமுவேலின் தம்பி ஜோசையா. 1775இல் தம்பி கப்பலில் இறந்தார்; இங்கிலாந்து போன அண்ணன் திரும்பவேயில்லை. சித்தப்பாவோடு பேச்சை விட்டுவிடாதீர்கள்.

பிறகு ஆடம்ஸ் 1797 முதல் 1801 வரை ஜனாதிபதி. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் வரைந்த மாசசூசெட்ஸ் அரசியல் சட்டம். 1780இல் ஏற்கப்பட்டது, இன்றும் அமலில் இருக்கிறது. பிறந்த வீட்டை ஒட்டிய வீட்டில்தான் அவருடைய ஆபீஸ். கட்சிக்காரர்கள் வீட்டுக்குள் நுழையாமல் வர வெளிப்பக்கம் தனிக் கதவு, நம் திண்ணை அறைக் கதவைப் போல.

அவர் ஐரோப்பாவில் இருந்தபோது பண்ணையைப் பார்த்துக்கொண்டது மனைவி அபிகேல். கணவர் அனுப்பிய கைக்குட்டைகளை விற்றுச் செலவைச் சமாளித்தார். அவர்கள் அப்போது எழுதிக்கொண்ட கடிதங்களைப் படித்தால் அம்மா கொல்லையில் தனியாக நெல் காயப்போடுவது கண்ணில் நிற்கிறது. வந்துவிடலாமா என்றிருக்கிறது அப்பா.

பத்திரத்தில், என் பங்குக்கு சர்வே எண் இருக்கிறது, உட்பிரிவு எண் இல்லை. சித்தப்பா பங்குக்குக் கிணற்றுத் தண்ணீர்ப் பாத்தியமும் வண்டிப்பாதையும் எழுதவில்லை. பின்னால் சண்டை வருவது அதில்தான். இரண்டையும் சேர்த்து, நான்கெல்லையைச் சரிபார்த்த பிறகே பதிவுக்குக் கொடுங்கள். பவர் பத்திரம் அனுப்புகிறேன். அங்கே வந்து 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். வந்த தேதிக்கு ஆதாரமாக, தபால் முத்திரை குத்திய கவரைப் பத்திரமாக வையுங்கள்.

அன்பு மகன்,
குமார்