தெர்மாகோலை விட்டுவிட்டுப் பால்வாடிக்கு அனுப்புங்கள்

மனித வளர்ச்சி, குடும்ப அறிவியல் இளநிலைப் பாடத்திட்டக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் இந்தப் படிப்பை முடித்துவிட்டு, வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளுக்கான மையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பாடத்திட்டத்தைத் திருத்தப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதால் இந்த மடல். ஒரே ஒரு கோரிக்கைதான். பிராக்டிக்கல் என்ற பெயரில் மாணவிகளைச் சார்ட் ஒட்டவைக்கும் நேரத்தைக் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் கழிக்க விடுங்கள்.

நாங்கள் படித்தபோது பிராக்டிக்கல் தேர்வுக்கு எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) வருகிறார் என்றால் விடிய விடிய தெர்மாகோல் வெட்டுவோம். கைப்பொம்மை, படஅட்டை, ஓரமெல்லாம் ஜிகினா. பார்க்க அழகாகத்தான் இருக்கும், மார்க்கும் விழும். அந்தப் பொம்மையை எந்தக் குழந்தையாவது கையில் வாங்கிப் பார்த்ததா என்று யாரும் கேட்டதில்லை. (தெர்மாகோல் வராத காலத்தில் இந்தத் துறை எப்படித்தான் நடந்ததோ!)

ஒரு மேடம் மட்டும் எங்களைப் பால்வாடிக்குக் கூட்டிப்போய், ஆளுக்கொரு குழந்தையைக் காட்டி, கால் மணி நேரம் பார்த்து எழுதச் சொன்னார். 'குழந்தை மகிழ்ச்சியாக விளையாடியது' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். 'மகிழ்ச்சி என்று உனக்கு எப்படித் தெரியும்? கண்ணில் பட்டதை எழுது' என்று அதை அடித்துவிட்டார். அடுத்த முறை அவள் எழுதியது இது: 'இடது கையால் கட்டையை எடுத்தாள். மூன்றுக்கு மேல் நிற்கவில்லை. விழுந்ததும் ஆயாவின் முகத்தைப் பார்த்தாள். ஆயா சிரித்ததும் திரும்ப அடுக்கினாள்.' புதிதாக ஒன்று நடந்தால் அது பயப்பட வேண்டிய விஷயமா இல்லையா என்று குழந்தை பெரியவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்யும் என்று புத்தகத்தில் ஒரு பத்தி வருமே, அது எங்களுக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

இன்று என் வேலையே இப்படிப் பார்ப்பதுதான். பதினைந்து மாதமாகியும் நடக்கவில்லை என்று பதறி வரும் அம்மாவிடம், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி தனியாக நடப்பது ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்ல முடிகிறது. அதே குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை, விரலை நீட்டி எதையும் காட்டவில்லை என்றால் அதை விடக்கூடாது. இது சார்ட் ஒட்டி வருகிற பழக்கம் இல்லை.

குழந்தைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த பியாஜேயை ஐந்து மார்க் கேள்வியாக மனப்பாடம் செய்தோம். ஒரு அகன்ற டம்ளரும் ஒரு ஒல்லி டம்ளரும் இருந்தால் எந்தப் பால்வாடியிலும் அவருடைய தண்ணீர்ச் சோதனையைச் செய்துபார்க்கலாம். அதே தண்ணீரைக் கண்ணெதிரே மாற்றி ஊற்றினாலும், நாலு வயதுப் பிள்ளை பெரும்பாலும் ஒல்லி டம்ளரில்தான் அதிகம் என்று அடித்துச் சொல்லும். நம் நாட்டுக் குழந்தைகளை வைத்தே பரோடாவில் உருவாக்கிய வளர்ச்சி அளவுகோல் ஒன்றும் இருக்கிறது. அதற்கான சோதனைப் பொருட்கள் இருக்கும் பெட்டியை நான் திறந்துபார்த்தது வேலைக்கு வந்த பிறகுதான்.

அப்புறம் முதுமை. அது எப்போதும் ஐந்தாவது யூனிட். செமஸ்டர் கடைசி வாரத்தில், 'நீங்களே படித்துக்கொள்ளுங்கள்' என்று முடிந்துவிடும். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். அம்மாவும் அப்பாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்க, ஊரில் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிகள் எத்தனை பேர்! கூட்டுக் குடும்பம், தனிக் குடும்பம் என்று எங்கள் பாடம் போட்டிருக்கும் இரண்டு கட்டத்தில் அந்தப் பாட்டி எதில் வருவார்?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்களுக்கான தகுதிகளைச் சொல்லும் இடத்தில் சட்டம், குழந்தை உளவியல், சமூகப் பணி ஆகியவற்றோடு மனித வளர்ச்சிப் பட்டத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. கைவிடப்பட்ட குழந்தை எங்கே வளரட்டும் என்று முடிவெடுக்கும் இடம் அது. ஒரு வீட்டுக்குள்ளும் போய்ப் பார்க்காமலே அந்தப் பட்டத்தை நாங்கள் வாங்கியிருக்கிறோம்.

பஸ், அனுமதி, மாணவிகளின் பாதுகாப்பு என்று சிக்கல்கள் இருக்கும், தெரியும். அதனால் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு செமஸ்டர் முழுக்க வாரம் ஒருமுறை ஒரே குழந்தை, அடுத்த செமஸ்டரில் ஒரே முதியவர். சார்ட்டுக்குப் போகும் இன்டர்னல் மார்க் அவர்களைப் பார்த்து எழுதும் ரெக்கார்டு நோட்டுக்குப் போகட்டும். பால்வாடி டீச்சர்களிடம் பேசவும், முதல் சில வாரம் மாணவிகளோடு கூடப் போகவும் பழைய மாணவிகள் சிலர் தயாராக இருக்கிறோம். கூட்டத் தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய மாணவி ஒருத்தி