திரையிலேயே பார்க்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் மருத்துவம் படித்தவர்கள் ஆஸ்பத்திரியில் பெறும் மேற்பயிற்சியான ரெசிடென்சிக்கு ஆள் எடுக்கும் நேர்காணலை மறுபடியும் நேரில் நடத்த வேண்டும், கணினித் திரையில் ஒருவரை எடைபோட முடியாது என்று சென்ற வார இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் அங்கேயே இருப்பவர் போலிருக்கிறது. இங்கிருந்து விண்ணப்பிக்கும் வீட்டின் பாட்டை நான் சொல்கிறேன். என் மகள் எம்.பி.பி.எஸ். முடித்து, அமெரிக்காவில் டாக்டராக உரிமம் பெறுவதற்கான யூ.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகள் எழுதி, இந்த வருடம் பொது மருத்துவத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள்.

2016-ல் என் அண்ணன் மகன் இதே வழியில் போனான். விசா, விமானம், அப்புறம் நியூயார்க்கில் நண்பன் அறையில் தரையில் படுக்கை. அங்கிருந்து டெட்ராய்ட், சிகாகோ, ஹூஸ்டன் என்று அலைச்சல். அண்ணன் ஒரு மனையை விற்றார். மேலும் இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்தும் போகவில்லை. கையில் காசில்லை, அவ்வளவுதான். 2020-ல் கொரோனா வந்த பிறகுதான் எல்லோரும் ஜூமுக்கு மாறினார்கள்.

என் மகளுக்கு இதுவரை ஏழு நேர்காணல். ஏழும் எங்கள் மாடி அறையில்தான். நியூயார்க்கில் காலை எட்டு மணி என்றால் இங்கே மாலை ஆறரை. பருவம் அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை போகும். நம் வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். மின்விசிறிச் சத்தம் மைக்கில் கேட்கிறது என்று அதை நிறுத்திவிட்டு, கோட்டு போட்டுக்கொண்டு வியர்வையில் உட்கார்ந்திருப்பாள். கார்த்திகையில் பக்கத்துத் தெருவில் ஐயப்ப பஜனை. குருசாமியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் குழாய் ஸ்பீக்கரை ஆற்றுப் பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னார்.

கட்டுரையாளர் சொல்வதில் ஒன்று சரி. மூன்று நான்கு வருடம் கிடக்கப்போகும் ஆஸ்பத்திரியைக் கண்ணால் பார்க்காமல் முடிவெடுப்பது கஷ்டம்தான். அதற்காகத்தான் நேர்காணலுக்கு முன்னால், மேலதிகாரிகள் யாரும் இல்லாமல், அங்கே பயிற்சியில் இருப்பவர்களோடு பேச ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். ஒருமுறை அது இங்கே அதிகாலை நாலரைக்கு வந்தது. இரவு டியூட்டி முடித்து எப்படி வீட்டுக்குப் போவீர்கள் என்று என் மகள் கேட்டாள். ஒரு பையன் போனை ஜன்னல் பக்கம் திருப்பி, பனியில் பாதி புதைந்து கிடந்த தன் காரைக் காட்டினான். அந்த ஊரைப் பற்றி அதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

ஆனால் திரை நேர்காணலால் வந்த கெடுதலைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. முன்பு டிக்கெட் செலவே ஒரு கடிவாளமாக இருந்தது. இப்போது அது இல்லாததால், நல்ல மதிப்பெண் உள்ளவர்கள் போகவே நினைக்காத இடத்துக்கும் சரி சொல்லி, இருபது முப்பது நேர்காணல் வரை சேர்த்துக்கொள்கிறார்கள். மற்றவர்களுக்கு அழைப்பு குறைகிறது. யூ.எஸ்.எம்.எல்.இ. முதல் தேர்வுக்கு 2022 ஜனவரியிலிருந்து மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான். சலித்தெடுக்க ஆஸ்பத்திரிகளிடம் இருந்த ஒரு சல்லடையும் போயிற்று. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் 2024-ல் இடம் கிடைத்தவர்கள் நூற்றுக்கு அறுபதுகூட இல்லை. அந்தப் பட்டதாரிகளுக்கு ஒவ்வோர் அழைப்பும் உயிர்.

இதற்கு மருந்து விமானம் அல்ல, வரம்பு. அங்கே கண் மருத்துவத் துறை 2020-லேயே ஒருவர் இத்தனை நேர்காணலுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு வைத்துவிட்டது. மற்ற துறைகளுக்கும் அது ஆகாதா?

பாதிப் பேர் நேரில், பாதிப் பேர் திரையில் என்ற ஏற்பாடும் வேண்டாம். கையைக் குலுக்கிவிட்டு, சேர்ந்து சாப்பிட்டுப் போனவன் முகம் நினைவிருக்குமா, நடுவில் இரண்டு முறை உறைந்துபோன முகம் நினைவிருக்குமா? நேரில் பார்க்க ஆசைப்படுபவர்கள், யாரை முதலில் எடுக்கலாம் என்று ஆஸ்பத்திரி தன் வரிசைப் பட்டியலை முடித்துக் கொடுத்த பிறகு போய்ப் பார்க்கட்டும். அப்போது போகாதவனுக்கு நஷ்டமில்லை.

நம் ஊரில் நேர்காணல் என்றாலே சிபாரிசு என்று நினைத்து வளர்ந்தவன் நான். மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வில் ரேங்க் வந்தால் இடம், பேச்சே கிடையாது. அதுதான் நியாயம் என்று மகளிடம் வாதாடியும் இருக்கிறேன். மாடிப்படியில் உட்கார்ந்து அவள் பேசுவதைக் கேட்ட பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை. ஒரு பேராசிரியர் அரை மணி நேரத்தில் பாதியை, அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்த பாம்புக்கடி நோயாளிகளைப் பற்றியே கேட்டார். ரேங்க் பட்டியலில் அதெல்லாம் எங்கே வரும்?

யாருக்கு எந்த ஆஸ்பத்திரி என்ற முடிவு மார்ச் மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை. அதற்கு முன் அடுத்த வாரம் இன்னொரு நேர்காணல் இருக்கிறது. கலிபோர்னியா என்பதால் இங்கே இரவு பதினொன்றரைக்கு. இன்வர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
மன்னார்குடி.