மீசை வைத்த நுளம்பு குத்தாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு வாரமலரில் வந்த சிறுவர் அறிவியல் நூல் மதிப்புரையை வாசித்தேன். பாராட்டுக்கு நன்றி. ஆனால், பிள்ளைகளைச் சிரிக்க வைக்கும் படத்தில் விலங்கியல் சரியா பிழையா என்று பார்க்கத் தேவையில்லை என விமர்சகர் எழுதிய அந்த ஒரு வரி மனதை நோகடித்துவிட்டது. அந்தப் படங்களை வரைந்தவள் நான்.

நூலில் டெங்கு நுளம்புக்கு வரி போட்ட காலுறை மாட்டியிருக்கிறேன். பிள்ளைகள் முதலில் சிரிப்பது அதைப் பார்த்துத்தான். ஈடிஸ் நுளம்பின் கால்களில் வெள்ளை வளையங்கள் இருப்பதால் வந்த காலுறை அது. ஆறு கால், மூன்று சோடி. ஆறும் நெஞ்சுப் பகுதியிலிருந்தே புறப்பட வேண்டும். அது சரிவரும்வரை கீறிக் கீறிக் கிழித்தேன். முட்டை உருவாக இரத்தம் தேடுவது பெண் நுளம்பு என்பதால் அதைப் பிள்ளைத்தாய்ச்சியாக வரைந்தேன். ஆண் பூந்தேன் குடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறது. அதன் உணர்கொம்பு இறகுபோல் அடர்ந்திருக்கும். ஆகவே மீசை அதற்கு. உண்மை பிசகினால் இந்தப் பகிடியே இல்லை, ஐயா.

போன மழைக்காலத்தில் தங்கள் சிறுவர் பக்கத்தில் வந்த டெங்குப் படம் நினைவிருக்கும். முறுக்கு மீசை வைத்த நுளம்பு, நிலா வெளிச்சத்தில், நித்திரை கொள்ளும் பிள்ளையைக் குத்துகிறது. ஆண் நுளம்பு குத்தாது. ஈடிஸ் பகலில் குத்துவது. காலையிலும் பின்னேரத்திலும்தான் அதற்கு மும்முரம். எங்கள் தொடர்மாடியில் பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்த நேரம் அது. என் அண்ணனின் மகள் அந்தப் படத்தைக் காட்டி, "பகலிலே நுளம்பெண்ணெய் பூசத் தேவையில்லை மாமி" என்றாள். அப்போதும் எழுதினேன். கடிதம் பிரசுரமாகவில்லை.

அதற்கு முன்னர் பெரஹரா ஊர்வலக் கட்டுரைக்குப் பக்கத்தில் பெரிய காது விரித்த ஆபிரிக்க யானை. நவம் பெரஹராவில் நம் யானைகளை நேரே பார்க்கும் கொழும்புப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தீர்கள். ஆபிரிக்க யானைக்குத் தும்பிக்கை நுனியில் இரண்டு விரல், நம் யானைக்கு ஒன்று. இதுவும் தாங்கள் அறியாததல்ல.

பேர வாவிக் கரையில் கூழைக்கடாவை மணிக்கணக்காகப் பார்த்திருந்து வரைந்தேன். அதன் அலகுப் பையில் மீனை நிரப்பி வைத்தால் இன்னும் சிரிப்பு வரும் என்றார் பதிப்பாளர். அது மீனைத் தண்ணீரோடு அள்ளி, தண்ணீரை வடித்துவிட்டு விழுங்கும் பறவை, சேமித்து வைப்பதில்லை. மறுத்தேன். "படம்தானே, ஒரு கிழமைக்குள்ள தாங்கோ" என்று கேட்பவர்களுக்கு இந்த வேலை விளங்காமல் இருக்கலாம். தாங்களுமா?

மதிப்புரையின் தலைப்பில் ஆசிரியர் பெயர், பதிப்பகம், விலை எல்லாம் இருந்தன. ஓவியரின் பெயர் இல்லை. வரும் ஞாயிறு அதை ஒரு வரியில் வெளியிடுங்கள். அடுத்த டெங்குப் படத்தை அச்சுக்கு அனுப்பும் முன் எனக்கு ஒருமுறை காட்டுங்கள். திருத்தித் தருகிறேன், பணம் வேண்டாம்.

இப்படிக்கு,
நூலின் ஓவியர்,
வெள்ளவத்தை, கொழும்பு.