மூன்று மா மூன்று ஏக்கர் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவடைக்கு நின்ற சம்பாப் பயிர் மழையில் சாய்ந்தது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியில், எங்கள் ஊர் விவசாயி ஒருவர் ‘மூணு மா’ என்று சொன்னது ‘மூன்று ஏக்கர்’ என்று அச்சாகியிருந்தது. மூன்று மா சேர்ந்தால்தான் ஏறக்குறைய ஒரு ஏக்கர். நிவாரணத்துக்கு மனுக் கொடுத்திருப்பவரின் நிலம் செய்தித்தாளில் மும்மடங்கு ஆனால், பட்டாவோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும் எவரும் அவரைத்தான் ஐயுறுவார்கள்.

தஞ்சைப் பகுதிக் கணக்கில் 12 அடிக்கு 12 அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா, அதாவது சுமார் 33 சென்ட். 20 மா ஒரு வேலி. மா என்பதே 1/20 என்னும் பின்னத்தின் பெயர். வேலியில் இருபதில் ஒரு பங்கு என்பதால் நிலத்துக்கும் அதுவே பெயராயிற்று. அதே வரிசையில் காணி 1/80, முந்திரிகை 1/320. மாவையும் காணியையும் கூட்டினால் கிடைக்கும் 1/16 தான் மாகாணி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வேலி, மா, காணி, முந்திரிகை என்று நுணுக்கமாகப் பொறிக்கப்பட்ட இந்தக் கணக்கு, பட்டா ஹெக்டேருக்கு மாறிய பின்னும் எங்கள் களத்துமேட்டில் ‘மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது?’ என்ற கேள்வியில் வாழ்கிறது என்பது எனக்குப் பெருமை.

செய்தியாளர் தடுமாறியதில் வியப்பில்லை. ஓரெழுத்தில் அத்தனை பொருள்கள். பழந்தமிழில் மா விலங்கைக் குறிக்கும். அரிமா அப்படி வந்ததே. இலங்கைத் தமிழர் அரிசி மாவை இன்றும் ‘அரிசிமா’ என்கின்றனர். தேமா, புளிமா என்னும் யாப்பு வாய்பாடுகளில் இருப்பது மாமரம். மாநாட்டிலும் மாநகரிலும் அது பெருமையைக் குறிக்கிறது. பரந்த உலகத்தைக் குறித்த ‘மாநிலம்’ இன்று ஆட்சிப் பிரிவாகிவிட்டது. ஆனால் அச்சுக் கோக்கையில் நடுவே சிறு இடம் விட்டால் அதே எழுத்துகள் எங்கள் ‘மா நிலம்’ ஆகிவிடும்.

ஆகவே, டெல்டா விவசாயிகள் மாக்கணக்கில் சொல்வதை அப்படியே அச்சிட்டு, அடைப்புக்குறிக்குள் சென்ட் அளவையும் தந்து, மேற்கண்ட செய்திக்குத் திருத்தமும் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மன்னார்குடி.