‘நடக்கவும்’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்

நுரையீரல் பிரிவு மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். சிஓபிடி (மூச்சுக் குழாய்கள் சுருங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) நோயாளியின் டிஸ்சார்ஜ் சீட்டில் இன்ஹேலரை எத்தனை வேளை, எத்தனை முறை உறிஞ்ச வேண்டும் என்று தெளிவாக எழுதுகிறீர்கள். பயிற்சிக்கு மட்டும் ‘தினமும் நடக்கவும்’ என்று ஒரே வரி. நடைக்கும் அளவு எழுதுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

அளவைக் கண்டுபிடிக்க 30 மீட்டர் நேரான தாழ்வாரம், ஸ்டாப்வாட்ச், பல்ஸ் ஆக்சிமீட்டர் போதும். ஆறு நிமிட நடைச் சோதனையை அரை மணி நேர ஓய்வு விட்டு இருமுறை செய்து, இரண்டில் அதிகமான தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறையோடு விட்டால், வெறும் பழக்கத்தால் கூடும் தூரம் பின்னாளில் பயிற்சியின் பலன்போலத் தெரியும். 300 மீட்டர் நடந்தவரின் வேகம் நிமிடத்துக்கு 50 மீட்டர். பயிற்சிக்கு அதில் 80 சதவீதம், அதாவது 40 மீட்டர். 20 நிமிடத்தில் 800 மீட்டர். சீட்டில் வரவேண்டியது இந்தக் கணக்குதான். வாரம் 3 நாள், குறைந்தது 8 வாரம்.

மூச்சு இரைத்ததும் பயந்து நிற்பவர்களே அதிகம். மூச்சிரைப்புக்கு நோயாளியே பத்துக்கு மதிப்பெண் போட்டால், 4 முதல் 6 வரை இரைத்தால்தான் பயிற்சி பலன் தரும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சுருங்கிய குழாய்களில் காற்று முழுதாக வெளியேறும் முன்பே அடுத்த மூச்சு உள்ளே வருகிறது; வேகம் கூடக்கூட நெஞ்சில் காற்று தேங்குகிறது. உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப்போல் இருமடங்கு நேரம் ஊதி வெளியேற்றினால் அந்தத் தேக்கம் குறையும். தொடர்ந்து நடக்க முடியாதவருக்கு 30 விநாடி நடை, 30 விநாடி ஓய்வு. மூச்சுக் குழாயை விரிக்கும் இன்ஹேலரைப் பயிற்சிக்குச் சுமார் 15 நிமிடம் முன்பே எடுக்கச் சொல்லுங்கள்.

தொடையை மறந்துவிடாதீர்கள். நுரையீரலுக்கு முன்பே தொடை தளர்ந்து நின்றுவிடுபவர்கள் பலர். நாற்காலியில் கையூன்றாமல் 8 முதல் 12 முறை உட்கார்ந்து எழுவது, இரண்டு மூன்று சுற்று. எளிதாகிவிட்டால் கையில் எடை.

ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை நடக்கும்போதே ஆக்சிமீட்டரில் பாருங்கள். உட்கார்ந்தபின் பார்த்தால் சரிவு தெரியாமல் போகும். 88 சதவீதத்துக்குக் கீழே போனால் நிறுத்தி, ஆக்சிஜனோடு நடக்க வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். குளிர்ந்த விரலும் நகச்சாயமும் தவறான எண்ணைக் காட்டும். நெஞ்சுவலி, தலைச்சுற்றல் வந்தால் அன்று பயிற்சி இல்லை.

நோய் திடீரென மோசமாகி அட்மிட் ஆனவருக்கு, வீடு திரும்பிய 4 வாரத்துக்குள் பயிற்சி தொடங்க வேண்டும். அவர் வார்டைவிட்டுக் கிளம்பும் முன்பே அந்தத் தேதியைச் சீட்டில் எழுதிவிடுங்கள். பயிற்சி முடிந்ததும் அதே தாழ்வாரத்தில் மறுபடி அளந்து பாருங்கள்; 30 மீட்டர் கூடியிருந்தாலே அது உண்மையான முன்னேற்றம். அந்த எண்ணை அவரிடமும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கும் பிசியோதெரபிஸ்டுகள்