ஐந்து அமைப்புகளும் ஒரு சட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீடற்றோருக்காகத் தொண்டு அமைப்புகள் கைகோத்த கதையைச் சொல்பவர்கள், பிரிட்டனில் 1966-இல் ஐந்து அமைப்புகள் சேர்ந்து 'ஷெல்டர்' என்ற நன்கொடை திரட்டும் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கியதோடு நிறுத்திவிடுகிறார்கள். நன்கொடை திரட்டியதைவிடப் பெரிய காரியம் அதன் பிறகுதான் நடந்தது.

அங்கே அன்று வீடிழந்த குடும்பம் உள்ளாட்சி விடுதிக்குப் போனால், தாயையும் பிள்ளைகளையும் மட்டும் சேர்த்துக்கொண்டு தந்தையை வாசலிலேயே திருப்பி அனுப்பிய ஊர்கள் பல. போர்வை கொடுத்துத் தீரும் விஷயமா இது? எழுபதுகளில் ஷெல்டர், கத்தோலிக்க வீட்டு உதவிச் சங்கம், குழந்தை வறுமை ஒழிப்புக் குழு உள்ளிட்ட அமைப்புகள் கூட்டுக் குழுவாகத் திரண்டு சட்டம் கேட்டன. லிபரல் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்டீபன் ராஸ் கொண்டுவந்த தனிநபர் மசோதா 1977-இல் சட்டமானது. வீடிழந்த குடும்பத்துக்கு இருப்பிடம் ஏற்பாடு செய்வது உள்ளாட்சியின் கடமையாயிற்று. தருமம் உரிமையானது என்றே சொல்வேன்.

ஆனால் மசோதா நாடாளுமன்றத்தில் இளைத்துத்தான் வெளியே வந்தது. 'வேண்டுமென்றே வீடிழந்தவர்' என்றொரு விதி நுழைந்தது; தன் செயலாலேயே வீட்டை இழந்ததாகக் கருதப்பட்டவருக்கு அந்த முழு உரிமை இல்லை. பிள்ளையோ முதுமையோ நோயோ இல்லாத தனியாளுக்குப் பெரும்பாலும் ஆலோசனைதான் மிஞ்சியது. நடைபாதையில் படுத்திருந்தவர்களில் பலர் அப்படிப்பட்ட தனியாட்கள்தானே!

இப்படிக்கு,
ஒரு வாசகர்